களியைப் பாராட்டிய சொல்

மே 4, ஞாயிறு. கடும் வெயில்.

நீண்ட யோசனைக்குப் பிறகு ஒரு முடிவு: இனி யார் கேட்டாலும் ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் சொல்வதில்லை. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியனுக்கு இது சிறிய துறவு அல்ல. மனைவியிடம் அறிவித்தேன். "தேங்காயத் துருவிக் குடுங்க" என்றாள்.

மதியம் பாப்பாரப்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார். மகள் ஸ்டெல்லாவுக்குப் பேசியிருக்கும் பையன் பிரகாஷ், பெங்களூரில் வேலை. களி, நாட்டுக்கோழிக் குழம்பு. ஒரு வாய் வைத்ததும் அவன், "ப்ளடி குட், மாமா!"

பக்கத்து இலையில் என் மைத்துனன் சூசை. பெங்களூர்ப் பட்டறையில் காலம் தள்ளியவன். இலையைத் துக்க வீட்டில் மடிப்பதுபோல எதிர்ப்பக்கம் மடித்துவிட்டு எழுந்து போனான்.

மே 5. புழுக்கம்.

சூசை வந்தான். உட்காரவில்லை.

"மொதலாளி என்னயத் தெனமும் 'ப்ளடி ஃபூல்'னுதான் கூப்புட்டான். இப்ப நம்மூட்டுச் சோத்துக்கும் அதே ப்ளடியா? எல்லாரும் கேக்க அர்த்தஞ் சொல்லுங்க மாமா. இல்லீன்னா ஞாயித்துக்கெழம நிச்சயத்துக்கு நான் வரமாட்டனுங்க."

தாய்மாமன் தட்டைத் தொடாமல் எங்கள் வீட்டில் நிச்சயம் நடக்காது. ஸ்டெல்லா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

முடிவின் ஆயுள், ஒரு நாள்.

மே 7. மழை வரும்போல. வரவில்லை.

கூடத்தில் உறவினர். வாசலை அடைத்தபடி சூசையின் நாற்காலி. ஃபோன் ஸ்பீக்கரில் பிரகாஷின் அம்மா.

அந்தச் சொல் பக்கத்துச் சொல்லை அழுத்தும், அவ்வளவுதான் என்றேன். நல்லதோடு சேர்ந்தால் ரொம்ப நல்லது.

"முட்டாளோட சேந்தா?" சூசை கேட்டான்.

"ரொம்ப முட்டாள்."

"அப்ப அந்த முட்டாள் மட்டுந்தான் திட்டுங்களா?" முகம் தெளிந்தது. "களிக்கு ஒரு கொறையும் இல்லீங்க. அதுசரி, எங்கிருந்து வந்துச்சு மாமா அந்த வார்த்த?"

நழுவ வழியில்லை. மூலம் உறுதியாகத் தெரியாது, மாதாவின் மேல் இடும் ஆணை தேய்ந்து வந்ததென்று சிலர் சொல்வார்கள், அறிஞர்கள் ஏற்பதில்லை என்றேன். ஃபோனுக்குள் நடுப்பகுதி மட்டும் போய்ச் சேர்ந்தது.

"மாதா பேரயா, அண்ணா? எம்பையனா? அதுவும் மாதாவோட இந்த மே மாசத்துலயா?"

கதவுக்குப் பின்னாலிருந்து ஸ்டெல்லா: "அப்பா, போதும்ப்பா."

மே 11, ஞாயிறு. தூறல்.

காலையில் அந்த அம்மாவின் ஃபோன். மாதம் முடியும்வரை பையனுக்குப் பரிகாரம்: மௌனம், ஜெபமாலை. நிச்சயத்தைப் பிறகு பார்க்கலாமாம். பிரகாஷின் ஃபோனும் அவரிடம்தான். ஸ்டெல்லா என்ன அனுப்பினாலும் பதிலுக்கு ஒரு ஜெபம் வருகிறது.

சூசை புதுவேட்டியில் வந்தான். விஷயம் கேட்டு வருத்தப்பட்டான். களியை மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டான்.

"ப்ளடி குட்டுங்க, மாமா."

மதியத்துக்கு மேல் பந்தலைப் பிரித்தார்கள்.