கப்பல் ஏறுமுன் ஓர் அறை

செப்டம்பர் 11, புதன்

மூன்றாவது நாளாக அறை தேடுகிறேன். கப்பல் அக்டோபர் பத்தொன்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு, எல்லைக்கு அப்பால் இருக்கும் திரியெஸ்தே துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிறது. எங்கள் ஊர் வல்யேவோவிலிருந்து போகும் பேருந்து எல்லையில் எத்தனை மணி நேரம் நிற்குமோ தெரியாது. "ஒரு நாள் முன்னாடியே போய்த் தங்கிடுங்கம்மா, கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது" என்று யஸ்னா சொல்லிவிட்டாள். ஆஸ்திரியாவில், கிராட்ஸில், பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் என் ஒரே மகள். அப்பாவுக்கு எழுபது வயது என்று இந்தப் பயணத்தைப் பரிசாகக் கொடுத்ததே அவள்தான். அறையையும் தானே எடுத்துத் தருவதாகச் சொன்னாள். நான்தான் வீராப்பாக வேண்டாம் என்றேன். இப்போது அனுபவிக்கிறேன்.

நூற்று நாற்பது யூரோ. ஒரு ராத்திரிக்கு! காலைச் சாப்பாடு தனியாம்.

போன மார்ச்சில் என் கணவர் ரதோமிருக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். "தாராளமா போயிட்டு வரலாம்" என்றார் மருத்துவர். ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றா?

செப்டம்பர் 14, சனி

விடுதிகளைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். ஒருவருக்குப் பை போயிருக்கிறது. ஒருவருக்கு மூட்டைப்பூச்சி. ஒருவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிப்போனவர்கள் மறுநாள் வரை தரவே இல்லையாம். அவருக்குக் கப்பல் போய்விட்டது.

ரதோமிர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "கெட்டதா பாத்துப் பாத்துப் படிக்கிறியே, தேசா. நல்லா இருந்துச்சுன்னு எழுதினவன் எல்லாம் செத்தா போயிட்டான்?"

செப்டம்பர் 15, ஞாயிறு

சந்தையிலிருந்து வரும்போது மேட்டில் ரதோமிர் நின்றார். ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது என்றார். அவர் போட்டிருந்த ஷூவில் கயிறே கிடையாது.

செப்டம்பர் 22, ஞாயிறு

கிடைத்துவிட்டது! ஐம்பத்தெட்டு யூரோ. முதல் மாடி, துறைமுகத்துக்குப் பத்து நிமிட நடை, அறைக்குள்ளேயே சிறிய சமையல் மூலை. உடனே பயம் வந்துவிட்டது. ஏன் இவ்வளவு மலிவு?

தொலைபேசியில் கேட்டேவிட்டேன். விடுதிக்காரி பெயர் நீவெஸ். அம்மா ஸ்லோவேனியக்காரியாம், நம் பேச்சு நன்றாக வருகிறது. "குறை ஒண்ணும் இல்லம்மா. பழைய கட்டடம், சுடுதண்ணிக்கு கேஸ் கொதிகலன். பளிங்குத் தரை வேணும்னா பக்கத்துத் தெருவுக்குப் போங்க" என்று சிரித்தாள்.

பதிவு செய்துவிட்டேன். இனி தூங்கலாம். தூங்குவேனா?

அக்டோபர் 10, வியாழன்

அடுத்த வாரம் திரியெஸ்தேயில் போரா அடிக்குமாம். மலையிலிருந்து இறங்கி ஆளையே தள்ளும் அந்தக் காற்றைப் பற்றி மாடி வீட்டு போசா வந்து கதை கதையாகச் சொன்னாள். "ரதோமிர் முதுகைப் பாத்துக்க. குறுக்குக்காத்து பட்டுதுன்னா ஸ்டென்ட் கிண்டென்ட் எதுவும் நிக்காது."

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? என் அம்மாவுக்கு வாய் கோணியது குறுக்குக்காற்றால். எனக்குத் தோள் போனதும் அதனால்தான்: அஞ்சலகக் கண்ணாடியில் பணம் வாங்கும் ஓட்டைக்குப் பின்னால் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தேன், ஊர்க்காற்று முழுவதும் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தது. யஸ்னா சிரிப்பாள். "ஜெர்மன்காரங்க, ஆஸ்திரியாக்காரங்க எல்லாம் பனியிலயும் ஜன்னலைத் திறந்து வெக்கிறாங்கம்மா, யாரும் சாகல." அவர்கள் உடம்பு வேறு.

ரதோமிருக்குக் கம்பளி உள்சட்டை ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறேன். சாம்பல் நிறம். முதுகுப் பக்கம் இரட்டை நூல்.

அக்டோபர் 17, வியாழன்

கிளம்புகிறோம். வழி தண்ணீர் மாதிரித் தடங்கலில்லாமல் ஓடட்டும் என்று போசா எங்கள் பின்னால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். பாதி ரதோமிரின் காலில். "பதிமூணு மணி நேரம் ஈரக் காலோட போறதுக்கா இவ்வளவு ஆசீர்வாதம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாலைக்குப் போவதற்குள் நான் அவர் காலுறையை மாற்றவைத்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி, மதியம் இரண்டு மணி

வந்து சேர்ந்துவிட்டோம். பை இருக்கிறது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், பூச்சி இல்லை. நீவெஸ் குள்ளம், வாய் ஓயாதவள், என் வயதுதான் இருக்கும். பதிவேட்டில் எழுத வேண்டும் என்று இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிப் போனாள். போய் அரை மணி ஆகிறது. எழுத எவ்வளவு நேரம் வேண்டும்?

போரா ஊளையிடுகிறது. சமையல் மூலையில் கொதிகலனுக்குக் கீழே, சுவரில் என் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. நேராக வெளிக்காற்று. அது வந்து படுவது சரியாகக் கட்டிலில் அவர் முதுகு இருக்கும் இடத்தில்! இது என்ன என்று முதலிலேயே நீவெஸிடம் கேட்டேன். "காத்து வர்றதுக்குத்தாம்மா விட்டிருக்கு. அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

காற்று வருவதற்காம்! விருந்தாளி மாதிரி கூப்பிட்டு உள்ளே விடுகிறார்கள். சரி சரி என்று தலையாட்டினேன். அவள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் புதுக் கம்பளிச் சட்டையைச் சுருட்டி ஓட்டைக்குள் அடைத்தேன். இரட்டை நூல், கச்சிதமாகப் பொருந்தியது. ஊளை நின்றது. அப்பாடா.

இரண்டே முக்கால்

ரதோமிர் குளிக்கிறார். பாடிக்கொண்டே. வெந்நீர் தாராளமாக வருகிறது என்று உள்ளிருந்தே கத்தினார். எனக்குத் தலை வலிக்கிறது. நெற்றியை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல. அடைப்பதற்குள் காற்று பிடித்துவிட்டதா? கதவுக்கடியிலும் இடுக்கு இருக்கிறது. துண்டை மடித்து நன்றாகச் செருகினேன். ஜன்னலைச் சரிபார்த்தேன். இனி ஓர் ஊசிக்காற்றுகூட வராது.

மூன்று மணி

குமட்டுகிறது. பேருந்தில் சாப்பிட்டது சேரவில்லை போல. பாட்டு நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் ஓடுகிறது. கூப்பிட்டேன், வர்றேன் என்றார், தூக்கக் குரலில். எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். எழுத்து கோட்டை விட்டு இறங்குகிறது. என் காலுக்கு என்ன

அக்டோபர் 19, சனி

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

மருத்துவமனை. ரதோமிருக்கு முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. எனக்குக் காலையில்தான் எடுத்தார்கள்.

நேற்று நடந்தது எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. நீவெஸ் பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். தட்டினாள், பதில் இல்லை. சாவி போட்டால் கதவு திறக்கவில்லை, அடியில் துண்டு. தோளால் இடித்துத் திறந்திருக்கிறாள். கொதிகலனை அணைத்து ஜன்னல்களைத் திறந்தாள். ரதோமிர் குளியலறை வாசலில் சுவரில் சாய்ந்து சரிந்து கிடந்தாராம். என் முகத்தில் குளிர்ந்த காற்று வந்து மோதியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் என்ன கத்தினேன் என்று நீவெஸ் சொன்னாள்: "மூடு, மூடு, அவருக்கு முதுகுல காத்து படுது!"

கொதிகலன் எரிய காற்று வேண்டும். அதற்குத்தான் அந்த ஓட்டை. நான் அதை அடைத்தேன். கொதிகலனின் புகைபோக்கி வழியாகப் போரா விஷவாயுவை அறைக்குள்ளேயே திருப்பித் தள்ளியது. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் இந்த இதயம் தாங்கியிருக்காது என்றார் மருத்துவர்.

காலையில் தீயணைப்பு அதிகாரி நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் சாம்பல் நிறச் சட்டை. பக்கத்தில் நீவெஸ், முகத்தில் ரத்தமே இல்லை. விடுதியைப் பூட்டிவிடுவார்களோ என்ற பயம். இதற்குச் சற்று முன்புதான் யஸ்னா தொலைபேசியில் கத்தினாள்: "அந்தப் பொம்பளையைச் சும்மா விடக்கூடாதும்மா!" அடைத்தது நான்தான் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

இது யாருடையது என்று அதிகாரி கேட்டார். நீவெஸ்தான் அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அரை நிமிடம் பேசாமல் இருந்தேன். அந்த அரை நிமிடத்துக்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

"நான் பின்னினது. நான்தான் அடைச்சேன். அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க."

நீவெஸ் அதை அவரிடம் சொல்லிவிட்டு என் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்னேனேம்மா, காத்து வேணும்னு சொன்னேனே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஐந்து மணிக்கு வளைகுடாவில் கப்பல் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று, பெரிசாக. ரதோமிர் முகமூடியை விலக்கினார். "ஸ்டென்ட் வெச்சுப் பொழச்சேன், எல்லையைத் தாண்டிப் பொழச்சேன், கடைசில உன் பின்னலால போகப் பாத்தேனே." பிறகு, "ஜன்னலைத் திற தேசா, ஊதுறது கேக்கட்டும்."

என் கையால் அதைத் திறக்க முடியவில்லை. சத்தியமாக முடியவில்லை. செவிலிப்பெண்தான் திறந்தாள். காற்று உள்ளே வந்ததும் என் சால்வையை எடுத்து அவர் முதுகில் போர்த்தினேன்.

நவம்பர் 24, ஞாயிறு

நீவெஸ் தொலைபேசியில் பேசினாள். கேஸ் கொதிகலனைக் கழற்றிவிட்டாளாம், இப்போது மின்சாரம். வாடகை அறுபத்தைந்து, எங்களுக்கு மட்டும் பழைய விலை. "வர்ற வசந்தத்துல வாங்கம்மா." யஸ்னா மறுபடி கப்பல் பார்க்கிறாள். ரதோமிர் சரி என்றுவிட்டார், என்னைக் கேட்காமலே.

அந்த ஓட்டை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது இனிமே எதுக்கு? சிமென்ட் வெச்சுப் பூசியாச்சு. இப்ப நீங்க நிம்மதியா தூங்கலாம்."

தொலைபேசியை வைத்துவிட்டேன். அதிலிருந்து மூச்சு முட்டுகிறது. ரதோமிர் சோபாவில் குட்டித் தூக்கம் போடுகிறார், அந்தச் சாம்பல் சட்டையோடு. அதைத் திரும்ப வாங்கி வந்து துவைத்துப் போட்டுக்கொண்டவர் அவர்தான், என்னைக் கேலி செய்வதற்கென்றே. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போசா வந்தால் என்ன சொல்வாள் என்று தெரியும். எழுந்து போய், அவர் தலைமாட்டு ஜன்னலை ஒரு விரலளவு திறந்துவைத்தேன்.