முசரவாக்கத்து அம்மன் சொல்லாதது

காமாட்சி அம்மன் துணை

செவிலிமேடு,
மார்கழி 22

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. அந்தப் பனியில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். எங்கள் சுகத்தையும் இதே வரியில் எழுதுவதுதான் வழக்கம், ஆனால் இந்தத் தடவை அதை எழுதக் கொஞ்சம் இடம் வேண்டும், கீழே வருகிறது.

கார்த்திகை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை முசரவாக்கத்தில் நம் குலதெய்வம் எல்லையம்மன் சந்நிதியில் இருந்தவர்கள் நான், உன் அப்பா, வள்ளி அத்தை, எதிர்வீட்டு சுகாசினி, பூசாரி முனிரத்தினம். ஐந்து பேர். வெளியே ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்த யேசுதாஸையும் சேர்த்தால் ஆறு. இதை ஏன் இப்படிப் பேர் பேராக எழுதுகிறேன் என்றால், உன் அப்பா நேற்று, போன்ல சொன்னா நீ அழுதே முடிச்சிடுவ, கணக்கு நோட்டுல எழுதற மாதிரி யார் யார் இருந்தாங்க, நீ என்னா பண்ணன்னு ஒண்ணு விடாம எழுதி அனுப்பு என்று சொல்லிவிட்டார். அதனால் நோட்டிலிருந்தே தாள் கிழித்து எழுதுகிறேன். முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவேன், படம் எடுப்பதையும் நானே கற்றுக்கொண்டேன், கோணலாக இருந்தால் போனைத் திருப்பிப் படித்துக்கொள்.

நீ தீபாவளிக்கு முன்னால் எங்கள் இருவரையும் மாசி மாதம் வைட்ஹார்ஸுக்கு வரச்சொல்லி விசா வேலையை ஆரம்பித்த நாளிலிருந்து உன் அப்பா முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன மனுஷனாகவே இல்லை. கனடாவுக்கும் தலைமாட்டில் ஒரு ஊரு, அதைத் தாண்டினா நூறு கிலோமீட்டருக்கு ஒரு வூடு கிடையாது, காடும் பனியும்தான், அங்க எம் பொண்ணு தனியா கார் ஓட்டிக்கினு ஆஸ்பத்திரி லேபுக்கு வேலைக்குப் போவுது என்று டீக்கடையில் அவர் சொல்லாத நாள் இல்லை. குளிர்காலத்தில் காரை செல்போன் மாதிரி பிளக்கில் செருகி வைத்தால்தான் காலையில் ஸ்டார்ட் ஆகும் என்று நீ சொன்னாயே, அதை டிப்போவில் கூட வேலை பார்த்த மாணிக்கவேலிடம் சொல்லப்போய், அவர், சீனு, காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு இருக்குதுபா என்றாராம். அதற்காகவே நேரில் போய் வீடியோ எடுத்து வந்து காட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடுகிற படத்தை நீ அனுப்பினபோது, பாருடி மயில்கழுத்துக் கலரு, நம்ம ஊர்ல எவன் சாயம் போட்டாலும் இது வராது என்று என் முகத்துக்கு நேரே போனை நீட்டிக்கொண்டே இருந்தார். காலையில் எழுந்ததும் பேப்பர் பார்ப்பதற்கு முன்னால் உன் ஊர் குளிர் எவ்வளவு என்று பார்த்து, ஸ்டாப்பிங் பேர் சொல்கிற மாதிரி, மைனஸ் பத்தொம்போது என்று கூவுவார், நான் அடுப்படியில் இருந்தாலும் எனக்குக் கேட்க வேண்டும்.

பூட்ஸுக்கு அளவு வேண்டும் என்று நீ கேட்டபோது செய்தித்தாளை விரித்து அவர் பாதத்தை நான் வரைந்தேன், என் பாதத்தை அவர் வரைந்தார். பென்சில் கூசுகிறது என்று நான் காலை இழுத்ததில் கட்டைவிரல் கோணலாகிவிட்டது, திருத்தாமல் அதையே உனக்கு அனுப்பிவிட்டார். இப்படியெல்லாம் சிரித்துக்கொண்டுதான் ஜெயா இருந்தேன். பிறகு ஒரு நாள் நீ வீடியோவில் உன் அடுப்படியைக் காட்டினாய். டப்பாவுக்கு டப்பா தமிழில் சீட்டு ஒட்டியிருந்தாய், உப்பு, ரவை, துவரம்பருப்பு, அடுப்பில் பெரியது சின்னது, குழாயில் வெந்நீர் பார்த்துத் திற என்று. வெறும் அஞ்சாம் வகுப்பு படித்த அம்மா தடுமாறக்கூடாது என்று நீ உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் நிஜமாகவே போகப்போகிறோம் என்று எனக்கு உறைத்தது, பயம் பிடித்துக்கொண்டது.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு வாசலில் ஆட்டோவோடு யேசுதாஸ் இருந்தார், பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி, தெருவே கூட வந்தது. அங்கே அந்தப் பனியில் அப்படி ஒன்று என்றால் நான் எந்தக் கதவைத் தட்டுவேன், என்ன பாஷையில் கூப்பிடுவேன் என்று ஓயாமல் இதே நினைப்பு. அவருக்குத் தெரியாமல் நானே டாக்டரிடம் போய் வேண்டாம் என்று சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் ரிப்போர்ட்டையெல்லாம் பார்த்துவிட்டு, தாராளமா போலாம்மா, அவருக்கு ஹார்ட் நல்லாத்தான் இருக்குது, உங்களுக்குத்தான் ஒரு ஈசிஜி எடுக்கணும் போல என்று சிரித்தார். டாக்டரும் என்னைக் கைவிட்டார். விசாவும் வந்துவிட்டது. அப்போதுதான், குலதெய்வத்திடம் உத்தரவு கேட்காமல் கடல் தாண்டக்கூடாது, பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று நானே ஆரம்பித்தேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு; எடுப்பதில் வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். அப்பா உடனே சரி என்றார். அவள் போ என்றுதான் சொல்வாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை, அதுதான் பயம்.

வழக்கமாகப் பொட்டலத்தைப் பூசாரிதான் கட்டுவார். அன்றைக்கு முனிரத்தினம், கண்ணு மங்கலா இருக்குதும்மா, நீயே கட்டிக் குடு என்று தட்டை என் பக்கம் தள்ளினார். தட்டில் வெள்ளை அரளியும் இருந்தது, சிவப்பு அரளியும் இருந்தது. தூணுக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்து இரண்டு வாழை இலைத் துண்டிலும் சிவப்பு அரளியை வைத்து நாரால் கட்டினேன். வெள்ளையை என் தலையில் செருகிக்கொண்டேன். முடிச்சுகூட ஒரே தடவையில் விழுந்தது. பூசாரி கற்பூரம் காட்டி இரண்டையும் அம்மன் காலடியில் போட்டார். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு உன் பேர், நட்சத்திரம் சொல்லி வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார். சிவப்பு. அத்தை உச்சுக்கொட்டினாள். சுகாசினி, பளிச்சுனு சொல்லிடுச்சிபா உங்க அம்மன் என்றாள். அப்பா பூவை இலையிலேயே மடித்துவிட்டு என்னிடம், அவளும் உன் கட்சிதாண்டி என்று சிரித்தார். யேசுதாஸ் வழியெல்லாம், எங்க சாமிகிட்ட கேட்டிருந்தா போயிட்டு வாண்ணா, வரும்போது சாக்லேட் வாங்கிக்கினு வான்னு சொல்லியிருக்கும் என்று அவரைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். முந்தானையில் முடிந்துகொண்டு பாலாற்றுக்குப் போனேன், மணல்தான் கிடந்தது. திரும்ப எடுத்து வந்து சாமி அலமாரியில் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

அன்றைக்கே போனில் சொன்னோம். சரிம்மா, அம்மன் வேணாம்னா வேணாம் என்றாய், பிறகு மார்கழி முடிவதற்குள் டிக்கெட்டையும் லீவையும் கேன்சல் செய்துவிடுகிறேன், பூட்ஸையும் கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்றாய். நீ சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்தது.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அப்பா குளிர் கணக்குச் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை செருப்பில்லாமல் கிளம்பினார். எங்கே என்றால், முசரவாக்கத்துக்கு நடந்தே போய் வருகிறேன் என்றார். வெள்ளிக்கிழமையிலும் பஸ் ஸ்டாண்டில் ஆம்லெட் சாப்பிடுகிற மனுஷன். ஏன் என்று கேட்டதற்கு, பெத்த பொண்ணைப் பார்க்கக்கூட அவ விடலன்னா நான் எதோ பண்ணியிருக்கிறேன்னு அர்த்தம் என்றார். நீ முதல் தடவை கிளம்பினபோது அவர் கோபத்தில் ஏர்போர்ட்டுக்கு வராமல் டியூட்டிக்குப் போய்விட்டாரே, அதைத்தான் அம்மன் கணக்கில் வைத்திருக்கிறாள் என்று தானாகவே முடிவு செய்துகொண்டார். அதற்காக மூன்று செவ்வாய் வெறும் வயிறு, வெறுங்கால். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன் ஜெயா. அது நீ பண்ணது இல்லை, நான் பண்ணது என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. இதற்கு நடுவில் சுகாசினி வேறு, எங்க துர்காவுக்குப் பெங்களூர் வேலை வந்துக்கினு இருக்குது, உங்க அம்மன்கிட்டயே கேட்டுடலாம்னு பாக்குறேன்கா என்று வந்து நின்றாள். துர்கா எத்தனை பரீட்சை எழுதி வாங்கின வேலை அது. என் பொய்யை நம்பி இன்னொரு வீட்டுப் பெண்ணின் வழி மாறப்போகிறது.

மூன்றாம் செவ்வாய் வலது காலில் பாட்டில் துண்டு ஏறிவிட்டது. சர்க்கரை உள்ள உடம்பு. கட்டுப் போட்ட நர்ஸ், இந்த வயசுல யார் உங்களை வெறுங்கால்ல நடக்கச் சொன்னது என்று அதட்டினாள், அவர் என்னைக் காட்டிக்கொடுக்க ஒன்று இருக்கிறது என்றே தெரியாமல், சாமிக்குத்தாம்மா என்றார். நீ பயப்படாதே, இப்போது சீழ் இல்லை, புண் ஆறிக்கொண்டு வருகிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறோம். மேலே எழுதாமல் விட்ட சுகம் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக பஸ் ஏறி முசரவாக்கம் போய்ப் பூசாரியிடம் சொன்னேன். அவர் விபூதித் தட்டைத் துடைத்து வைத்தார். பிறகு, எனுக்குக் கண்ணு தெரியல, அவளுக்குமா தெரியாது, எங்கிட்ட எதுக்கும்மா சொல்ற, வூட்டுக்காரர்கிட்ட சொல்லு என்றார். மறுபடி ஒழுங்காகக் கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவ என்னா உன் வூட்டு வேலைக்காரியா, நீ வேணும்னும்போதெல்லாம் வந்து பதில் சொல்றதுக்கு என்று திட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நேற்றுக் காலை கட்டு மாற்றும்போது அப்பாவிடம் சொன்னேன். அந்த இன்னொரு பொட்டலம் எங்க என்றார். எடுத்து வந்து கொடுத்தேன். காய்ந்து கறுத்திருந்தது, ஆனாலும் சிவப்பு தெரிந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, என் கையிதான் தப்பா எடுத்துச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன் என்றார். வேறு திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மத்தியானம் சோற்றைத் தானே போட்டுக்கொண்டார். சாப்பிட்ட பிறகுதான் உனக்கு எழுதச் சொன்னார். சுகாசினியிடமும் சாயங்காலம் போய் உள்ளதைச் சொன்னேன், வாயைப் பிளந்து பார்த்தாள், நாளைக்குத் தெருவே சொல்லும், சொல்லட்டும்.

இன்று காலை நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வருகிறேன், அவர் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு போனைப் பார்த்து, மைனஸ் இருபத்தாறு என்றார். கூவவில்லை, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

எனக்குப் பயம் இன்னும் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். பதினொரு மணிக்கு வந்து ஐந்து மணிக்குள் போகிற சூரியனை வைத்துக்கொண்டு நான் எப்போது விளக்கேற்றுவேன் என்பது முதற்கொண்டு பயம்தான். ஆனால் மாசிக்குள் பகல் நீளும் என்கிறாய், அதற்குள் கால் ஆறிவிடும் என்று டாக்டரும் சொல்கிறார், அவர் சொல்வதை இந்தத் தடவை கேட்டுக்கொள்கிறேன். இனி அம்மனிடம் உத்தரவு கேட்க எனக்கு வாயில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன். நான் செய்ததைப் படித்த பிறகும் அந்தச் சீட்டுகளைப் பிய்க்காமல் வைத்திருக்கிறாயா? டிக்கெட்டை கேன்சல் செய்துவிட்டாயா, இல்லை இன்னும் நாள் இருக்கிறதா? என்மேல் உனக்குக் கோபம் என்றால் அப்பாவை மட்டுமாவது கூப்பிட்டுக்கொள், அவர் எதுவும் செய்யவில்லை.

சாதத்தை நாலு நாளைக்குச் செய்து ஃபிரிட்ஜில் வைக்காதே, கிளம்பும்போது காதை மூடிக்கொள், வெள்ளிக்கிழமையாவது விளக்கேற்று. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். அம்மனிடம் எனக்காகக் கேட்க முடியவில்லை, உனக்காகக் கேட்பதை அவள் தள்ளமாட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
மணியம்மாள்

பூட்ஸைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்தால் கொடுக்காதே. அப்பா வாசலில் இருக்கிற செருப்பைத் துடைத்து வைத்துவிட்டு, அனுப்பிட்டியா, அனுப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வரலாமா வேண்டாமா என்று சீக்கிரம் பதில் எழுது ஜெயா.