ஈரல் தின்று கறுத்தவள்

அக்கா,

இன்று காலை நர்சம்மா வந்து என் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் கம்மியாக இருக்கிறது என்று ஒரு அட்டை மாத்திரை கொடுத்துப் போனாள். வாயில் போட்டதும் துருப்பிடித்த வாளியை நக்கியது போல ஒரு ருசி. உடனே நீ வந்து நின்றாய். எப்போதும் போல எனக்கு முன்னால், என்னைவிட அழகாக.

கன்னிவாடியில் அந்த வீட்டுக்கு நான் இளைய மருமகளாக வந்தபோது, மூத்த மருமகள் நீ ரெண்டு பிள்ளை பெற்றிருந்தாய். நம் தோட்டத்தில் மாடு கட்டி இறைத்த கமலை போய்ப் பம்புசெட் வந்த வருசம். "மூத்தவ எலுமிச்சம்பழம், இளையவ அடுப்புக்கரி" என்று நம் அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லும், எனக்குக் கேட்கும்படியாகவே. எனக்கு அடிவயிறு எரியும். கல்யாணமாகி வந்தபோது நீயும் மாநிறம்தானாம். பிள்ளை பெறப் பெற வெளுத்தாயாம். பெற்ற வயிறு நிறத்தையும் கொடுக்குமோ என்று ஏங்கினேன்.

வெங்காயக் காட்டில் செத்த நேரம் குனிந்தால் உனக்கு மூச்சு வாங்கும். வரப்பில் உட்காரச் சொல்லிவிடுவார்கள். உன் பங்குக் களையையும் நான் எடுப்பேன், மகாராணி என்று முணுமுணுத்துக்கொண்டே. நீ பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றாய். சுவர் மண்ணைப் பெயர்த்துத் தின்றாய். மூன்றாவது உண்டாகியிருந்ததால் எல்லாரும் மசக்கை என்றார்கள். அதற்கும் எரிந்தேன். எனக்கு அப்போது வயிறு திறந்திருக்கவில்லை.

ஒரு நாள் குடத்தோடு கிணற்றடியில் சாய்ந்துவிட்டாய். திண்டுக்கல்லுக்கு பஸ் ஏற்றி நான்தான் கூட்டிப் போனேன். டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அமுக்கிப் பார்த்தார். இவள் எப்போதும் இந்த நிறம்தான் என்றேன், கடுப்போடு. "இது நிறமில்லம்மா, சோகை. உடம்புல இரும்புச்சத்தே இல்ல. இப்படியே பிரசவத்துக்குப் போனா பிழைக்க மாட்டா" என்றார். ஒரு டப்பா மாத்திரை கொடுத்து, ஈரலும் முருங்கைக்கீரையும் போடச் சொன்னார்.

மாமனார் ஞாயிற்றுக்கிழமைதோறும் உனக்கென்று ஆட்டு ஈரல் வாங்கி வந்தார். அதுவரை அந்த வீட்டில் ஈரல் ஆம்பளைகள் தட்டில் மட்டும் விழும். சுடுவது நான், தின்பது நீ. மிளகு தூவிய வாசத்துக்கு எனக்கு நாக்கு ஊறும். ஆனால் ஒன்று கவனித்தேன். போகப் போக உன் வெளுப்பு இறங்கியது. உதட்டில் ரத்தம் தெரிந்தது, கன்னம் கறுத்தது. அடடா, எனக்கு வந்த சந்தோசம்!

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. இதெல்லாம் தின்றால் வயிற்றுப் பிள்ளையும் கறுத்துப் பிறக்கும் என்று மாத்திரை டப்பாவைக் குப்பையில் வீசியது. ஈரலை மறுபடி ஆம்பளைகளுக்கே போடச் சொன்னது. நீயும் சரியென்று தலையாட்டினாய். அந்த நிறத்தின் மேல் உனக்கும் ஆசை இருந்தது, மறைக்காதே.

நான் விடுவேனா? இவ்வளவு தூரம் வந்துவிட்டு நீ மறுபடி எலுமிச்சம்பழம் ஆவதா? டப்பாவைக் குப்பையிலிருந்து எடுத்து வந்தேன். ஈரலில் பாதியை உன் சோற்றுக்கடியில் புதைத்தேன். முருங்கைக்கீரை இல்லாமல் வெஞ்சனமே வைக்கவில்லை. நீ தள்ளினால் முன்னால் உட்கார்ந்து, தின்னு என்று அதட்டுவேன்.

பிள்ளை பிறந்தது, கறுகறுவென்று, ஊரைக் கூட்டும் தொண்டையோடு. நீ பிழைத்தாய். எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு என் முகத்தையே உற்றுப் பார்த்துக் கேட்டாய்.

"ஏன்டி, நான் கறுக்கணும்னுதான அம்புட்டும் ஊட்டுன?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

விழுந்து விழுந்து சிரித்தாய். "உன் வயித்தெரிச்சல்லதான்டி எனக்கு ரத்தம் ஊறியிருக்கு."

கறுத்ததால் அழகு குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. முன்னைவிடக் களை கூடியது. களையெடுப்பில் என்னை முந்தினாய். படுபாவி, கடைசிவரை எரியவிட்டாய். பூவும் பொட்டுமாய்ப் போய்ச் சேர்வதிலும் முந்திக்கொண்டாய்.

இப்போது என் மருமகள் சொல்கிறாள், நான் நல்ல நிறமாகிவிட்டேனாம். கண்ணாடியில் பார்த்தேன். அன்றைக்கு ஏங்கினேனே, அதே நிறம் அக்கா, உன் நிறம். மாத்திரை இருக்கிறது, ஈரலும் கடையில் கிடைக்கிறது. என்னைப் பார்த்து வயிறெரிந்து, முன்னால் உட்கார்ந்து, தின்னு என்று அதட்டத்தான் ஒருத்தி இல்லை.