அப்பாவின் கல்லில் வெட்டிய சொல்

டார்பிஷயர்,
ஏப்ரல், ஞாயிறு மதியம்.

அன்பு மகள் மேவிஸுக்கு,

உன் அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் லென்னும் பிள்ளைகளும் அந்த ஆஸ்திரேலிய வெயிலில் வாடாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். நீ அனுப்பிய பார்சல் ஈஸ்டருக்கு முந்தின வாரம் வந்தது, உலர்ந்த பழங்களில் பாதியைக் கேக்கில் போட்டேன், மீதியை உன் தம்பி ரோலண்ட் வந்தபோது நின்றபடியே தின்று தீர்த்துவிட்டான். இங்கே இன்னும் குளிர் போகவில்லை, காலையில் வாளித் தண்ணீரில் மெல்லிய ஆடை மாதிரி பனி கட்டிக் கிடக்கிறது.

அப்பாவுக்குக் கல் நட்டாயிற்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டிருந்தாய். மண் அடங்க ஆறு மாதமாவது விட வேண்டும் என்பது ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. குளிர்காலம் முழுக்க நானும் உன் தம்பியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் உனக்குத் தன் பக்கத்தை எழுதியிருப்பான், என் பக்கத்தையும் கேள். எல்லாம் ஒரே ஒரு சொல்லால் வந்த சண்டை.

போன கோடையில் அப்பாவால் மாடி ஏற முடியாமல் போனதும் கட்டிலைக் கீழே சமையலறைக்குப் பக்கத்து அறையில் போட்டோம், அது உனக்குத் தெரியும். வாசல் கதவைத் திறந்து வைத்தால் தெருவில் போகிறவர்களோடு இரண்டு வார்த்தை பேசுவார், ஒரு வாக்கியத்துக்கு நடுவில் மூன்று தடவை மூச்சுக்கு நிற்பார். ஒரு நாள் நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டு, ‘வாத்து, என் கல்லுல பேருக்குக் கீழ மோல்டர்னு வெட்டச் சொல்லிடு, மறந்துடாத’ என்றார். மண்ணில் அச்சுப் பிடித்து அதில் உருக்கிய இரும்பை ஊற்றுகிற அந்த மோல்டர் வேலையில்தான் அவர் ஆயுசே போயிற்று. ஊரில் எல்லாரையும் வாத்து வாத்து என்றே கூப்பிடுவார், எனக்கும் அதேதான், கல்யாணத்தன்று பாதிரியார் முன்னாலேயும் அப்படித்தான் கூப்பிட்டார். நான், கல்லைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று அதட்டினேன். அவர் விடவில்லை, சத்தியம் வாங்கிக்கொண்டார். பிறகு இன்னொன்றும் சொன்னார், அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் நானும் அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பரில் அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் பாதிரியார் லிண்ட்லியிடம் போய்க் கல்லில் வெட்ட வேண்டியதைச் சொன்னேன். தேவாலயத்து மண்ணில் வைக்கிற கல்லில் அவர் ஒப்புக்கொள்ளாமல் ஓர் எழுத்துகூட வெட்ட முடியாது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், ஆனால் இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கே வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, ‘மிஸஸ் ஹாலம், தப்பா நினைக்காதீங்க. அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருக்கு. கல்லறைக் கல்லுல அதைப் பார்த்தா ஜனங்க சிரிப்பாங்க’ என்றார். எனக்கு அது தெரியாதா என்ன. நீதான் இந்த ஊரை விட்டுப் போகிறபோது, இந்தக் கரிப்புகை ஊரில் கிடந்து மோல்டராகிப் போக என்னால் முடியாது என்று கத்தினாயே, அப்பாகூட, ‘நல்லதுதான், ஒரு வீட்டுக்கு ஒரு மோல்டர் போதும்’ என்று சிரித்தாரே. அந்த இன்னொரு மோல்டர் என்றால் அழுகுவது இல்லை. அழுகினால் ஈரமும் நாற்றமும் இருக்கும், சீக்கிரம் முடிந்துபோகும். இது மெதுவாக, சத்தமில்லாமல் மக்கி, இற்று, பொடிப்பொடியாக உதிர்ந்து போவது. பழைய ஆலைச் சுவர் நிற்கிறதே அப்படி. பூட்டிய பெட்டிக்குள் பழைய கோட்டு கிடக்கிறதே அப்படி.

லிண்ட்லி நல்ல மனிதர்தான், புத்தகப் பிரியர். என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, வீட்டிலிருக்கும் பெரிய அகராதியில் பார்த்துவிட்டு வந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார், பேசப் பேச டீயையும் குடித்துவிட்டார். அச்சு என்று பொருள்படுகிற மோல்ட் லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்காரர் வாய் வழியாக வந்ததாம், ஆதியில் அளவு என்று அர்த்தமாம், அப்பாவின் வேலைப் பெயர் அதன் வழி. ரொட்டியில் பூக்கிற பூசணத்துக்கும் அதே பெயர்தான், ஆனால் அது வேறு வீட்டுப் பிள்ளையாம், வடக்கே கடல் தாண்டி இருக்கிறவர்கள் பேச்சுக்குச் சொந்தமாம். மக்குவதைச் சொல்கிற சொல் இந்த இரண்டையும் சேர்ந்தது இல்லையாம், மோல்ட் என்றால் இந்த நாட்டில் முதன்முதலில் வெறும் மண் என்றுதான் அர்த்தம், உழுத நிலத்துப் பொலபொலவென்ற மண், சவக்குழியில் அள்ளிப் போடுகிற மண். மோல்டராவது என்றால் மண்ணாக உதிர்வது. அதற்கும் அடியில் இன்னும் பழைய வேர் ஒன்று இருக்கலாம் என்றும், அதற்கு அரைப்பது என்று அர்த்தம் என்றும், மாவைச் சொல்கிற மீல் என்ற சொல்லும் மில்லும் அதே குடும்பம் என்றும் படித்தவர்கள் நினைக்கிறார்களாம். மூன்று பேரும் ஒரே மாதிரி கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரே தெருவில் நடக்கிறார்கள், பார்க்கிறவர்களுக்கு யார் யாரென்று தெரியாது, அதுதான் தொல்லை என்றார். பேசாமல் ‘இரும்பு வார்ப்பட முதலாளி’ என்று பொருள்படும்படி கௌரவமாக ஒன்று வெட்டலாமே என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ‘முதலாளி ஆபீஸ்ல கார்ப்பெட் மேல உக்காந்திருந்தாருங்க ஐயா, என் வீட்டுக்காரர் மண்ணுல முட்டி போட்டுக்கிட்டு இருந்தாரு’ என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, யோசிப்போம் என்று போய்விட்டார்.

பாதிரியாரைச் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ரோலண்ட் எதிரே நிற்பான் என்று நினைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தவனிடம் இதைச் சொன்னதும் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்துவிட்டான். ‘அந்த வேலைதானேம்மா அவரைத் தின்னுச்சு? அந்தத் தூசிதானே உள்ள போய் நெஞ்சைக் கல்லாக்குச்சு? கொன்னவன் பேரை யாராவது செத்தவன் கல்லுல வெட்டுவாங்களா?’ என்றான். நான், ‘அவர் கேட்டாருடா’ என்றேன். ‘அவர் என்ன வேணா கேப்பாரு, அவருக்கு எல்லாமே விளையாட்டு’ என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஷீலா, புருஷனுக்காக மன்னிப்புக் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டே அவன் பின்னால் போனாள். அதன் பிறகு ஷீலா மட்டும் வருவாள், அவன் வர மாட்டான். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. வான்கோழிக்குப் பதில் ஒரு சின்னக் கோழியை எனக்கு மட்டும் சுட்டுச் சாப்பிட்டேன், உனக்கு எழுதியபோது எல்லாரும் வந்தார்கள் என்று எழுதினேன்.

ஜனவரியில் கல் வெட்டும் ஜெஸ் போல்டன் வழியில் என்னைப் பார்த்து, ‘கல்லு தயாராயிடுச்சு மிஸஸ் ஹாலம், வந்து ஒரு பார்வை பாருங்க’ என்றான். நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே என்று குழம்பிக்கொண்டு போனேன். பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். சிரில் ஹாலம், அன்புத் தந்தை, அன்புக் கணவர், பிறந்த வருஷம், இறந்த வருஷம். அவ்வளவுதான். ரோலண்ட் தானாகவே போய், அம்மா சம்மதித்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அவன், எப்படிச் சொன்னானோ. நான் ஜெஸ்ஸிடம் மகனைக் காட்டிக்கொடுக்கவில்லை. ‘இன்னும் முடியலப்பா, இப்படியே இருக்கட்டும்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரியில் உறைபனி கடுமையாக இருந்தது, சமையலறைக் குழாய் வெடித்துத் தரையெல்லாம் தண்ணீர். ஷீலாவிடம் சொல்லி அனுப்பினேன், அவன் கருவிப் பையோடு வந்து நின்றான். சிங்க்கின் அடியில் தலையை நுழைத்துப் படுத்துக்கொண்டான், எனக்கு அவன் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. நான் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவன் அப்படியே உள்ளேயிருந்தபடி பேச ஆரம்பித்தான், என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தான் பேசினான் என்று நினைக்கிறேன். ‘அப்பாவைக் குளிப்பாட்டத் தூக்குவேனே, ஞாபகம் இருக்கா? ஆகஸ்ட் மாசம் கைல எடையே இல்லம்மா. எங்க பிடிச்சா எங்க உதிர்ந்து போயிடுவாரோன்னு பயந்தேன். இரும்புப் பெட்டியைத் தனியாத் தூக்கின மனுஷன். உங்களுக்கு அந்த வார்த்தையைப் பார்த்தா அப்பாவோட வேலை தெரியுது. எனக்கு அது தெரியல. நான் கைல தூக்கினதுதான் தெரியுது. ஒவ்வொரு தடவை பூ வைக்கப் போறப்பவும் அதைப் படிக்கணுமா நான்?’ என்றான். ரெஞ்சு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

மேவிஸ், அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவன் அப்பாவின் வேலையைப் பற்றிச் சண்டை போடவே இல்லை என்று. ஆகவே அப்பா சொன்ன மிச்சத்தைச் சொன்னேன். பட்டாணி உரித்த அந்த நாளில், சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகு, அவர் மூச்சு வாங்கி நிறுத்தி நிறுத்திச் சொன்னது இது. ‘அங்க வேலை செஞ்ச மோல்டரும் நான்தான், இங்க மக்கிக்கிட்டு இருக்கிற மோல்டரும் நான்தான். ரெண்டுக்கும் ஒரே கூலியில எழுத்து வெட்டிடலாம், மிச்சம் பாரு வாத்து. பாதிரிகிட்ட சொல்லாத, பயந்துடுவாரு. ரோலண்ட்கிட்ட இப்ப சொல்லாத. அவன் என்னைத் தூக்கறப்ப கண்ணை மூடிக்கிறான், பாவம். அவனுக்குச் சிரிப்பு வர்ற அன்னிக்குச் சொல்லு.’ இதைச் சொல்லிவிட்டு அவரே சிரிக்கப் போய் இருமல் வந்து, நான் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. தான் மெல்ல உதிர்வதை அவர் பிள்ளையிடம் மறைத்தாரே ஒழிய, தனக்கே மறைத்துக்கொள்ளவில்லை. பயந்துகொண்டு அதைச் சொல்லவும் இல்லை.

சிங்க்கின் அடியிலிருந்து ஒரு மாதிரி சத்தம் வந்தது, சிரிக்கிறானா அழுகிறானா என்று பூட்ஸை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது. வெளியே வந்தபோது முகமெல்லாம் ஈரம், குழாய்த் தண்ணீர் என்றான், நானும் சரி என்றேன். ‘கண்ணை மூடிக்கிட்டது தெரியுமா அவருக்கு?’ என்று மட்டும் இரண்டு தரம் கேட்டான். தெரியும் என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன், மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்தான், சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடித்த மாதிரி.

மறுநாள் அவனே பாதிரியார் வீட்டுக்கு என்னோடு வந்தான். நான் பேச வாயெடுக்கும் முன் அவனே அப்பா சொன்னதை ஒன்று விடாமல், பயந்துவிடுவார் என்பதையும் சேர்த்துச் சொன்னான். லிண்ட்லியின் முகம் சிவந்துவிட்டது, பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ‘நான் உங்களுக்கு ஒரு சொல்லுக்கு மூணு வேர் சொன்னேன். அவர் ரெண்டை எடுத்து ஒண்ணாக் கட்டிட்டுப் போயிருக்காரு’ என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ‘அடக்கத்தன்னிக்கு மண்ணுக்கு மண்ணுன்னு நான்தானே படிச்சேன். அந்த மண்ணைக் கல்லுல எழுதக் கூடாதுன்னு எந்த வாயால சொல்றது? வெட்டச் சொல்லுங்க, மேலிடத்துல கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்’ என்றார். ஜெஸ் ஏற்கெனவே வெட்டிய கல்லிலேயே கீழே இடம் இருந்தது, அங்கே மோல்டர் என்று வெட்டினான். அன்புத் தந்தை என்பதை நான் எடுக்கச் சொல்லவில்லை, அது ரோலண்டின் சொல், இருந்துவிட்டுப் போகட்டும்.

போன செவ்வாய்க்கிழமை நட்டார்கள். நல்ல காற்று. ரோலண்ட் கல்லின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்து இறக்கினான், கண்ணைத் திறந்துகொண்டுதான். முடிந்ததும் குனிந்து அந்த எழுத்துக்களுக்குள் தங்கிய தூளைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அந்தக் கைக்குட்டையைத் தூரப் போய் உதறினான். எங்கே உதற வேண்டும், யார் மூச்சில் படக் கூடாது என்று யோசித்து உதறினான். அதைப் பார்த்தபோதுதான் இந்தக் கடிதத்தை இன்றே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஏனென்றால் உன் சென்ற கடிதத்தின் கடைசியில், லென் சுரங்கத்தில் துளை போடுகிற கோஷ்டிக்கு மாறிவிட்டான், சம்பளம் நன்றாக இருக்கிறது, சட்டையைத் துவைத்துத்தான் மாளவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தாய். மேவிஸ், அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேனோ. சட்டையில் இருக்கும் கல்தூசி நெஞ்சுக்கு உள்ளேயும் போகிறது மகளே. வலிக்காது, பல வருஷம் ஒன்றுமே தெரியாது, அதுதான் அதன் சுபாவம். அவனிடம் மாமியார் சொன்னாள் என்று சொல், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. துளை போடும்போது தண்ணீர் விட்டுத்தான் போட வேண்டும், முகமூடி இல்லாமல் ஒரு நாளும் இறங்கக் கூடாது, இந்த மாதமே நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். வேறு வேலை கிடைத்தால் குறைந்த கூலியானாலும் போகட்டும். உங்கள் அப்பாவால் அதைக் கேலி செய்ய முடிந்தது. எல்லாராலும் முடியாது, என்னால் இன்னொரு தடவை முடியாது.

பிள்ளைகளுக்கு என் முத்தம். கடவுள் உங்கள் நால்வரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், வயிறும் மனசும் நிறைந்து நெடுநாள் இருங்கள். எக்ஸ்ரே எடுத்ததும் மற்றதெல்லாம் கிடக்கட்டும், டாக்டர் சொன்னதை மட்டும் ஒரு வரியில் எழுதிப் போடு.

உன் பதிலுக்குக் கதவைப் பார்த்தபடி,
அம்மா
ஐவி ஹாலம்