பாஸில் இல்லாத நம் ஊர்

என் ஆசை நைனாவுக்கு,

நேற்று நம் ஊரில் ரயில் நின்றுபோகும் அந்தச் சின்ன ஹால்ட்டின் பெயர்ப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நீ வருஷா வருஷம் பொங்கலுக்குச் சோப்புப் போட்டுக் கழுவுவாயே, அதே பலகை. டிக்கெட் அறைக்கு இப்போது கதவும் இல்லை, உள்ளே ஆடுகள் படுத்திருக்கின்றன. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

அம்மாவுக்கு மூட்டுவலி முற்றிவிட்டது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போக ரோடு வரை நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, புத்தூரில் பஸ் ஏற வேண்டும். போன தடவை முடியாமல் பாதி வழியில் திரும்பிவிட்டாள். பூக்கார முனியம்மா அக்கா வியாபாரத்தை விட்டுவிட்டு மாம்பழ ஃபேக்டரியில் கூலிக்குப் போகிறாள். "ஒங்க நைனா இருக்கச்சொல்ல பூ மூட்டைய அவரே தூக்கி ஏத்தி உடுவாரு. இப்ப ரயிலே நிக்கல, யாரப் போயி கேக்கறது?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடைசி நாள் வரை உன் கையால் டிக்கெட் வாங்கியவள் அவள். நான் அப்படியில்லையே.

நீ ரயில்வே ஆள் இல்லை, டிக்கெட் விற்கும் ஏஜெண்ட். பக்கத்து ஊர்ப் பெரிய ஸ்டேஷனிலிருந்து டிக்கெட் வாங்கி வந்து விற்பாய், பிளாட்பாரம் கூட்டுவாய், விளக்கு ஏற்றுவாய். மாதப் பாஸ் கொடுக்க உனக்கு அதிகாரம் கிடையாது. திருப்பதி ஜவுளிக்கடையில் வேலை கிடைத்ததும் நான் பெரிய ஸ்டேஷனுக்குப் போய் அந்த ஊர்ப் பேரில் பாஸ் எடுத்தேன். அதை வைத்து வழியில் இருக்கும் நம் ஹால்ட்டிலும் ஏறலாம். வேலைக்குப் போகிற அத்தனை பேருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஹால்ட்டை மூடப்போவதாகப் பேச்சு கிளம்பியபோது நீ கலங்கவில்லை. "நாளைக்கு ஆபீசர் வர்றாரும்மா. எல்லாரையும் இட்டுக்கினு வா. இவ்ளோ ஜனத்தப் பாத்துட்டு எப்பிடி மூடுவாங்க?" என்றாய். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மறுநாள் காலை பிளாட்பாரம் கொள்ளாத கூட்டம், உன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

ஆபீசர் கூட்டத்தைப் பார்த்தார், உன் டிக்கெட் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார். "ஏமய்யா, இவ்ளோ ஜனம் நிக்கறாங்க, டிக்கெட்டே போகலியே?" என்றார். எல்லோரையும் டிக்கெட்டைக் காட்டச் சொன்னார். முன்னால் நின்றவள் நான். பாஸை நீட்டினேன், அதில் பெரிய ஸ்டேஷன் பேர். எனக்குப் பின்னால் நின்றவர் பாஸிலும் அதே பேர், அடுத்தவருக்கும் அதே. முனியம்மா அக்கா கையில் மட்டும்தான் நம் ஊர் டிக்கெட். "இங்க ஏற ஆள் இல்லேன்னு இவங்க பாஸே சொல்லுதே" என்று எழுதிக்கொண்டு போனார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகாவது என்னைத் திட்டியிருக்கலாமே நைனா? ஹால்ட்டை மூடிய பிறகும் தினமும் ரயில் நேரத்துக்குப் போய் அங்கே நின்றாய். ரயில் நிற்காமல் போனதும் வீட்டுக்கு வந்து, துன்னாமல் கொள்ளாமல் படுத்துக்கொள்வாய் என்று அம்மா அழுவாள். ஒரு நாள் படுத்தவன் எழுந்திருக்கவேயில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. அந்த ரயிலுக்குள்தான் நான் இருந்தேன். பெரிய ஸ்டேஷனில் ஏறி, நம் ஹால்ட் நெருங்கும்போது எதிர்ப்பக்கத்து ஜன்னலுக்குப் போய்விடுவேன். நீ நிற்பது தெரியும், பார்க்கத் தைரியமில்லை. நீ அங்கே வந்து நின்றது ரயிலைப் பார்க்கவா, என்னைப் பார்க்கவா? கேட்காமலே விட்டுவிட்டேன். இனிக் கேட்கவும் முடியாது.

இப்போதும் அதே ரயில்தான், அதே பாஸ்தான். நாளையிலிருந்து நம் பிளாட்பாரம் தெரியும் பக்கத்து ரயில் வாசலில் நிற்பேன் நைனா. அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் ஹால்ட் கண்ணை விட்டு மறைகிற வரை பார்த்துக்கொண்டு போவேன்.

ஊரிலேயே முதல் பாஸ் எடுத்த,
உன் மூத்த மகள்