பேரப்பிள்ளை இல்லாதவளுக்கு ஓர் இரங்கற்பா

4 மார்ச், செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

சரோஜாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம். இன்னும் ஆறவில்லை. அன்று மண்டபத்தில் ஊர்ச் சங்கத் தலைவர் (இனி ச.த.; முழுப் பெயர் எழுத இங்கே இடமில்லை) இரங்கற்பா வாசித்தார். 'பொறுமையின் சிகரமே!' யார், என் மனைவியா? ஐஸையும் சேர்த்து எடை போட்டான் என்று மீன்காரனைச் சந்தையே திரும்பிப் பார்க்கத் திட்டியவள். அடுத்த வரி: 'பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிய கரமே!'

எங்களுக்குப் பிள்ளையே இல்லை.

எங்கள் ஊர் உலு திராமில் யார் செத்தாலும் அதே பாட்டு. பெயரை மட்டும் மாற்றுவார். இந்த முறை அந்த வரியை எடுக்க மறந்துவிட்டார். ஒருவரும் நெளியவில்லை. எல்லாரும் அழுதார்கள். அதுதான் பொறுக்கவில்லை.

5 மார்ச், புதன்

கேஸ் தீர்ந்துவிட்டது. மதியம் ரொட்டி.

பெக்கான் நானாஸிலிருந்து வந்த அவள் அத்தை அன்று ஒப்பாரி வைத்தார். "பாவி மவளே, நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னா என்னாடி? வாயில என்னா கொழுக்கட்டையா?" ச.த. மைக்கில்: "அம்மா, கொஞ்சம் அமைதி. கவிதை வாசிக்கிறோம்."

அந்த மண்டபத்தில் உண்மை பேசியது அத்தை ஒருவர்தான். துக்கத்தில் பாதி கோபம். அதுவும் செத்தவர் மேல். ஒப்பாரிக்கு அது தெரியும். அச்சடித்த இரங்கற்பாவோ செத்தவரைத் தெய்வமாக்கிவிடுகிறது. தெய்வத்தை எப்படித் திட்டுவது?

7 மார்ச், வெள்ளி

வெயில். மைத்துனன் குமார் பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து நேராக இங்கே.

"மச்சான், முப்பதாம் நாளைக்குப் பேப்பர்ல அக்கா படம் போடறோம். தலைவர் பாட்டையே போட்டுருவோம்லா."

"பேரப்பிள்ளையோடயா?"

"அலமாக்! அதெல்லாம் யாரு பாக்கறா? கேக்க நல்லாருந்துச்சி."

"உங்கக்கா இருந்தா பேப்பரைக் கிழிச்சிருப்பா."

சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்ப நீங்களே எழுதுங்க. நாளைக்குக் குடுக்கணும். இல்லன்னா அதுதான்."

8 மார்ச், சனி

எழுதிவிட்டேன்.

வாயுதான், ஓமத்தண்ணீர் போதும் என்றாய்.
கிளினிக் அடுத்த தெருவில்தான் இருந்தது.
பிடிவாதக்காரி.
இந்த வீட்டில் இப்போது
கதவைக்கூட யாரும் அறைந்து சாத்துவதில்லை.
மீன்காரன் உன்னைக் கேட்கிறான்.
நீயே வந்து பதில் சொல்.

போனில் அனுப்பினேன். குமார் படித்துவிட்டுக் கூப்பிட்டான். "என்னா மச்சான், செத்தவங்களப் போயி இப்படித் திட்டறீங்க?" இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தான். பிறகு, "அக்காதான் இது. அப்படியே அக்கா. கீழ உங்க பேரு போடவா?"

மண்டபத்தில் கொடுத்த தாளில் ச.த.வின் பெயர் அவள் பெயரைவிடப் பெரிய எழுத்தில். என் பெயரைப் போட்டால் எனக்கும் நாலு பேர் கைகொடுத்து, "அருமை சார்" என்பார்கள். அவளை மறந்துவிட்டு.

வேண்டாம். பெயரில்லாமல் போகட்டும். திட்டியது யாரென்று அவளுக்குத் தெரியும்.