அன்றைக்கு நீ பிடிக்காத பிரேக்

இன்று காலை சைக்கிள் கடையில் என் பிரேக் கட்டை இரண்டையும் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. கருகின வாசனை. "இன்னாண்ணா, மூணே மாசத்துல காலி பண்ணிட்ட?" என்றார் கடைக்காரர். பத்து வருஷம் ஒரே கட்டையை வைத்து ஓட்டியவன் நான். இந்த வாசனை உன்னுடையது. என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது.

உனக்கு மடல் எழுதுவதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆறாவதோடு நின்றவன் நான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். என் வாயையே இருபது வருஷம் பொறுத்தவன்தானே நீ.

கும்மிடிப்பூண்டி சப்பட்டையான பூமி. அதில் உட்கார்ந்துகொண்டு மலை இறங்கும் வித்தையைப் பேசிய ஒரே ஆள் நீதான். நம் கம்பெனி கேன்டீனில் போனைத் தண்ணீர் ஜக்கின்மேல் சாய்த்து, முந்தின நாள் வெளிநாட்டில் நடந்த சைக்கிள் பந்தயத்தைப் போடுவாய். மூன்று வாரப் பந்தயம், தினமும் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு. எல்லா நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவன் ஜெயிப்பான். நான் ஏற்றத்தைப் பார்த்து வாயைப் பிளப்பேன். நீயோ உச்சி வந்த பிறகுதான் நிமிர்ந்து உட்காருவாய்.

"எறக்கம் மேலயே ஆரம்பிச்சிடுது மச்சான். பாரு, உச்சிக்கு முன்னாடியே முன்னுக்கு வந்துட்டான். பின்னால மாட்னவன் ஒவ்வொரு வளைவுலயும் பிரேக்கப் புடிச்சி, திரும்ப மிதிச்சே நொந்துடுவான்."

வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்துவிட வேண்டும், உள்ளே போனபின் தொடக்கூடாது. வெளிப்பக்கத்துக் கால் கீழே இருக்க வேண்டும். முன்னால் போகிறவன் சக்கரத்தைப் பார்க்காதே, நீ போய்ச் சேரப்போகிற இடத்தைப் பார். இதெல்லாம் நீ சாம்பார் சாதத்துக்கு நடுவே சொன்னது.

ஒருநாள் மஞ்சள் சட்டைக்காரன், மொத்தத்தில் முதலாவதாக இருந்தவன், மழை பெய்த இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பின்தங்கினான். "இன்னாடா இவன், உன்ன மாதிரியே பயந்தாங்கொள்ளி" என்றேன். உனக்குக் கோபம் வரவில்லை.

"போவட்டும்டா. இன்னிக்கி உட்டத நாளைக்கி ஏத்தத்துல புடிச்சிக்குவான். உயுந்துட்டா எங்க போயி புடிக்கிறது?"

நமக்கு வாய்த்த ஒரே மலை, ரயில் பாதைமேல் கட்டின மேம்பாலம்தான். ஷிப்ட் முடிந்து ஏழெட்டுப் பேராக ஏறி இறங்கி, அடியில் திரும்பினதும் வரும் டீக்கடையில் நிற்போம். கடைசியாக வருகிறவன் எல்லார் கிளாசையும் கழுவ வேண்டும். அது கடைக்கார அக்கா போட்ட சட்டம். ஏற்றத்தில் முதல் ஆள் நீ, கிளாஸ் கழுவுகிறதும் நீ. திருப்பத்துக்கு முன்னாலேயே உன் பிரேக் கிறீச்சென்று கத்தும். "பிரேக் கட்ட வந்துட்டாருடோய்!" அந்தப் பேரை வைத்தவன் நான்.

அன்றைக்கு ஆந்திரா பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த நாலு பேரும் கூட வந்தார்கள். ஆள் கூடினால் என் வாய்க்குக் கொழுப்பு. பாலத்து உச்சியில் நின்று, "நைனா, இவுரு எறங்கறதுக்குள்ள நமக்கு ரிட்டயர்மென்ட்டே வந்துடும்" என்றேன். "ஒரே ஒரு தபா பிரேக் புடிக்காம வாய்யா, அந்தப் பேர உட்டுடறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே ஹேண்டிலைத் தாழப் பிடித்தாய். "போடா. இன்னிக்கி உன் சக்கரத்த உட மாட்டேன்."

சொன்னபடியே செய்தாய். நீ எனக்குச் சொன்னதையெல்லாம் மறந்து, என் பின்சக்கரத்தின்மேல் கண்ணை வைத்து வந்தாய். திருப்பத்தில் ஏதோ லாரி சிந்திவிட்டுப் போன இரும்புத் தூள் பரவிக் கிடந்தது. கடைசி நொடியில் பார்த்து வெட்டித் திருப்பினேன். திறமை ஒன்றுமில்லை, தப்பித்தேன், அவ்வளவுதான். உனக்குத் தெரிந்ததெல்லாம் என் சக்கரம் மட்டும். சத்தம் கேட்டபோது நான், "அக்கா, இன்னிக்கும் அவருக்கே கிளாச எடுத்து வை" என்று கத்திக்கொண்டிருந்தேன். தடுப்புச் சுவரோரம் நீ கிடந்தாய். உன் டிபன் டப்பா மட்டும் உருண்டு கடை வாசல் வரைக்கும் வந்து நின்றது.

நீ போய்விட்டாய் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் வீட்டுக்காரி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவுரு மெதுவாத்தான எறங்குவாரு. இன்னிக்கி இன்னாண்ணா அவசரம்?"

"தூள்ல சறுக்கிடிச்சிம்மா" என்றேன். அது பொய்யில்லை. அவள் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

இப்போது கடைசியாக இறங்குகிறவன் நான்தான். வளைவுக்கு முன்பே பிடித்துவிடுகிறேன். கிளாசும் நானே கழுவுகிறேன். போன வாரம் அந்த நாலு பேரில் ஒருத்தன் வாய் தவறி, "பிரேக் கட்ட வந்துட்டாரு" என்றுவிட்டான். மற்றவர்கள் அவனை முறைத்தார்கள். "உடுங்கடா, சரியாத்தான் சொல்றான்" என்றேன். 

தேய்ந்த கட்டை இரண்டும் என் சட்டைப் பையில் இருக்கின்றன. உன் வீட்டுக்காரியிடம் காட்டி, அன்றைக்கு என்ன அவசரம் என்று சொல்லிவிடத்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஊரெல்லாம் பிரேக் பிடித்துப் பிடித்துத்தான் போகிறேன். உன் தெருமுனையில் மட்டும் பிடிக்காமல் தாண்டிப் போய்விடுகிறேன்.